கூப்பிடு தூரத்து நாடுகளோடு வியாபாரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் அலுவலகத்தில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேன். கொழும்புக்கும் மாலத்தீவின் தலைநகர் மாலேக்கும் போகிற சரக்குகளுக்குக் காகிதம் தயார் செய்வதுதான் வேலை. கல்லூரிப் பிள்ளைகள், புதிதாக ஏற்றுமதியில் இறங்குகிறவர்கள், யாழ்ப்பாணத்தில் உறவு உள்ளவர்கள் என்று பலரும் இதைப் பற்றி என்னிடம் கேட்பதுண்டு. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் நம் அக்கம்பக்கத்து நாடுகளின் கதைதான். தேவைப்படும் இடத்தில் மட்டும் கொஞ்சம் வெளியே போய் வருவேன்.

உலகமயமாக்கல் வந்த பிறகு எந்த நாட்டோடும் வியாபாரம் செய்யலாமே. பக்கத்து நாடு என்று தனியாக எதற்குப் பேச வேண்டும்?

சரக்குக்கு எடை உண்டு, சில சரக்கு அழுகும், எல்லாச் சரக்குக்கும் வாடகை உண்டு. திருப்பூர் பனியன் ஜெர்மனி வரை போகிற கப்பல் வாடகையைத் தாங்கும். செங்கல்லும் ஜல்லியும் வெங்காயமும் தாங்காது. அந்த மாதிரிப் பொருளை விற்கவும் வாங்கவும் பக்கத்தில் இருப்பவர்தான் கதி.

அவசரம் என்று வந்தால் இது இன்னும் நன்றாகப் புரியும். 2022ல் இலங்கையில் டாலர் தீர்ந்து, பெட்ரோல் வரிசை கிலோமீட்டர் கணக்கில் நின்றது. அப்போது இந்தியா கடனாகவும் பொருளாகவும் கொடுத்த உதவி ஏறத்தாழ 400 கோடி டாலர். தமிழக அரசு தன் பங்குக்கு அரிசி, பால் மாவு, மருந்து அனுப்பியது. அந்த மே மாதம் சென்னையிலிருந்து கிளம்பிய முதல் கப்பலில் மட்டும் 9,000 டன் அரிசியும் 200 டன் பால் மாவும் இருந்தன. தூரத்து நாட்டுக்கு மனசு இருந்தாலும் கப்பல் வந்து சேர வாரக்கணக்காகும்.

அப்படியானால் தெற்காசிய நாடுகள் தங்களுக்குள் நிறைய வாங்கி விற்க வேண்டுமே?

வேண்டும். ஆனால் நடப்பதில்லை. இந்த நாடுகளின் மொத்த வெளிநாட்டு வர்த்தகத்தில் தங்களுக்குள் நடப்பது நூற்றுக்கு 5 சொச்சம்தான். ஆசியான் என்ற தென்கிழக்காசியக் கூட்டமைப்பு நாடுகளில் அது நாலில் ஒரு பங்கை ஒட்டி இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பாதிக்கும் மேல்.

நாம் எப்போதுமே இப்படி இருந்ததில்லை. 1948 வாக்கில் இந்தப் பகுதியின் வர்த்தகத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உள்ளுக்குள்ளேயே நடந்தது. அடுத்த இருபது வருடத்துக்குள் அது நூற்றுக்கு 2 என்ற அளவுக்கு வந்துவிட்டது. பிரிவினை, போர், இறக்குமதிக் கட்டுப்பாடு என்று ஒவ்வொன்றாக வந்து வழியை அடைத்தன. உலக வங்கி 2018ல் ஒரு கணக்குப் போட்டது: அப்போது நடந்துகொண்டிருந்த வர்த்தகம் 2,300 கோடி டாலர், தடைகள் இல்லாவிட்டால் நடந்திருக்கக் கூடியது 6,700 கோடி டாலர். அதே வங்கி 2021ல் சொன்னதுதான் என்னை அதிகம் உறுத்தியது. இந்தியாவில் இருக்கிற ஒரு கம்பெனிக்கு வங்கதேசக் கம்பெனியோடு வியாபாரம் செய்வதைவிட பிரேசில், ஜெர்மனி கம்பெனிகளோடு செய்வது 15 முதல் 20 சதவீதம் மலிவாம்.

தூரம் குறைவு, செலவு அதிகம் என்றால் எப்படி?

மேற்கு வங்கத்தில் பெட்ராபோல் என்ற எல்லைச் சாவடி இருக்கிறது. அந்தப் பக்கம் வங்கதேசத்தின் பெனாபோல். இரு நாட்டுக்கும் இடையில் தரைவழியாகப் போகும் சரக்கில் பெரும்பகுதி இந்த ஒரு வாசல் வழியாகத்தான் போகிறது. லாரி எல்லைக்கு வருவதற்கு முன்பே நிறுத்துமிடத்தில் வரிசை. முறை வந்ததும் சுங்கம். அதைத் தாண்டினாலும் இந்திய லாரி வங்கதேசத்தின் உள்ளே ஓட முடியாது. எல்லை ஓரத்துக் கிடங்கில் சரக்கை இறக்கி அந்த ஊர் லாரியில் ஏற்ற வேண்டும். மூட்டைக்கு மூட்டை ஏற்று கூலி, இறக்கு கூலி, சேதாரம். மொத்தத்தில் பல நாட்கள். இதே அளவு வண்டி ஓடும் கிழக்கு ஆப்பிரிக்க எல்லைச் சாவடிகளில் ஆறு மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடுகிறது.

இதைத் தீர்க்கத்தான் 2015 ஜூனில் பூட்டான் தலைநகர் திம்புவில் இந்தியா, வங்கதேசம், நேபாளம், பூட்டான் நான்கும் மோட்டார் வாகன ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. ஒரு நாட்டு வண்டி இன்னொரு நாட்டுக்குள் நேராகப் போகலாம் என்பது அதன் சாரம். பூட்டான் நாடாளுமன்ற மேலவை ஒப்புக்கொள்ளவில்லை. சின்ன மலை நாட்டுக்குள் வெளி வண்டிகள் வந்து குவிந்தால் என்ன ஆகும் என்ற அவர்கள் பயத்தை நான் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் மற்ற மூன்று நாடுகளும் இழுத்தடித்ததற்கு அந்தச் சாக்கும் கிடையாது.

கடல்வழியிலும் இதே கதைதான். ஒருமுறை கொழும்புக்குப் போன வெங்காய கன்டெய்னர் ஒன்று என் கையால் தயாரான காகிதத்தோடு போனது. தாவர நலச் சான்றிதழில், நாங்கள் ‘ஃபைட்டோ’ என்போம், மூட்டை எண்ணிக்கை ஒன்று இருந்தது. பேக்கிங் லிஸ்டில் வேறொன்று. தட்டச்சில் விழுந்த ஒரே ஓர் இலக்கம். திருத்திய சான்றிதழ் வாங்கி அனுப்பி, அங்கே அதை ஏற்றுக்கொள்ள ஒன்பது நாள் ஆனது. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் ஓடும் நேரம் ஒரு நாள்கூட இல்லை. கதவைத் திறந்தபோது வந்த வாடையைப் போனில் விவரித்த வியாபாரியின் குரல் இன்னும் காதில் இருக்கிறது. கோபப்படக்கூட இல்லை அவர். “அண்ணே, பாதி தண்ணியாப் போச்சு” என்று மட்டும் சொன்னார். பக்கத்து நாட்டு வியாபாரத்தில் தீர்வை, அதாவது சுங்க வரி, குறைவா கூடவா என்பதைவிட இந்த ஒன்பது நாளைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

சார்க் அமைப்பு என்ன ஆனது?

தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பு அது. 1985 டிசம்பரில் டாக்காவில் ஏழு நாடுகள் சேர்ந்து தொடங்கின. 2007ல் ஆப்கானிஸ்தானும் சேர்ந்தது. தலைமைச் செயலகம் காத்மாண்டுவில். 2004 ஜனவரியில் இஸ்லாமாபாத்தில் ‘சாஃப்டா’ என்ற தெற்காசியத் தடையற்ற வணிக ஒப்பந்தம் கையெழுத்தாகி, 2006 முதல் நடைமுறைக்கு வந்தது.

கடைசி உச்சி மாநாடு 2014 நவம்பரில் காத்மாண்டுவில் நடந்தது. அடுத்தது 2016ல் இஸ்லாமாபாத்தில் நடந்திருக்க வேண்டும். உரி ராணுவ முகாம் மீதான தாக்குதலுக்குப் பிறகு இந்தியா போகவில்லை, மற்ற சில நாடுகளும் விலகின, மாநாடே நடக்கவில்லை. எல்லோரும் சம்மதித்தால்தான் எதுவும் நகரும் என்பது சார்க் விதி. இந்தியா, பாகிஸ்தான் என்ற இரண்டு பெரிய நாடுகளுக்கு இடையில் பேச்சு நின்றால் மாலத்தீவும் பூட்டானும் சேர்ந்து காத்திருக்க வேண்டியதுதான். அதனால்தான் இப்போது எல்லாரும் இரண்டு இரண்டு பேராக, மூன்று மூன்று பேராகத் தனித்தனியே ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறார்கள்.

இந்தியா–இலங்கை ஒப்பந்தம் அப்படிப் போட்டதுதானா? அதனால் பலன் இருந்ததா?

ஆமாம். 1998 டிசம்பர் 28ல் கையெழுத்தானது, 2000 மார்ச் 1 முதல் அமலுக்கு வந்தது. தெற்காசியாவில் இந்த வகையில் முன்னோடி என்றே சொல்லலாம். ஒரு நல்ல விஷயத்தை அதில் யோசித்துச் செய்திருந்தார்கள். பெரியவருக்கும் சின்னவருக்கும் ஒரே கெடு வைக்கவில்லை. இந்தியா மூன்று வருடத்தில் தீர்வையைக் குறைத்து முடிக்க வேண்டும், இலங்கைக்கு எட்டு வருடம். சலுகை கிடையாது என்று ஒதுக்கிவைத்த பட்டியலில் இந்தியா வைத்துக்கொண்டது 429 பொருள். இலங்கை 1,180 வைத்துக்கொண்டது.

ஐந்தாறு வருடத்தில் இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு வரும் சரக்கின் மதிப்பு பத்து மடங்குக்கு மேல் ஏறியது. 2023-24ல் இரு பக்கமும் சேர்த்து வர்த்தகம் சுமார் 550 கோடி டாலர். அதில் இலங்கை இந்தியாவுக்கு விற்றது 140 கோடி டாலர் அளவுக்கு. மீதி இந்தியா விற்றது.

ஆனால் இலங்கைக்கு எது உயிரோ அதில்தான் கை இறுக்கப்பட்டது. தேயிலைக்கு வருடத்துக்கு ஒன்றரைக் கோடி கிலோ என்று வரம்பு, அதுவும் ஆரம்பத்தில் கொச்சி, கொல்கத்தா துறைமுகங்கள் வழியாக மட்டும். ஆயத்த ஆடைக்கு 80 லட்சம் உருப்படி, அதில் 60 லட்சம் இந்தியத் துணியில் தைத்ததாக இருக்க வேண்டும். தூத்துக்குடிக் கரையில் நின்றால் கொழும்பு விளக்கு தெரியாத குறைதான். அங்கிருந்து வரும் தேயிலை கொல்கத்தா போய் இறங்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள்! பிறகு இந்த நிபந்தனைகள் தளர்ந்தன. ஆனால் முதல் சில வருடங்களில் மனம் விட்டுப்போன ஏற்றுமதியாளர்கள் பலர் திரும்பி வரவில்லை.

இலங்கையிலிருந்து வனஸ்பதியும் தாமிரமும் வந்ததாகச் சொல்கிறார்களே, அங்கே தாமிரச் சுரங்கம் இருக்கிறதா?

இல்லை. இலங்கையில் பழைய தாமிரத்தை இறக்குமதி செய்யத் தீர்வை குறைவு. அதை உருக்கிக் கட்டியாக்கினால் இலங்கைச் சரக்கு, இந்தியாவுக்குள் தீர்வை இல்லாமல் நுழையும். பாமாயிலும் அப்படித்தான். இந்தியாவில் அதற்குத் தீர்வை அதிகம், இலங்கையில் குறைவு. அங்கே கொண்டுவந்து வனஸ்பதியாக்கி இங்கே அனுப்பினால் வித்தியாசம் முழுக்க லாபம். இந்தத் தொழிற்சாலைகளில் பல, இந்திய முதலாளிகளே போய்ப் போட்டவை. 2005 வாக்கில் இலங்கையின் இந்திய ஏற்றுமதியில் பெரும்பங்கு இந்த இரண்டும்தான். இந்தியத் தயாரிப்பாளர்கள் கூச்சல் போட, வனஸ்பதிக்கு வருடத்துக்கு இரண்டரை லட்சம் டன் என்று வரம்பு வந்தது. தீர்வை வித்தியாசமும் குறைந்தது, ஆலைகள் மூடின. வேலைக்குப் போன இலங்கைத் தொழிலாளிகளுக்கு அந்த ஒப்பந்தத்தால் கிடைத்தது சில வருடச் சம்பளம் மட்டும்.

‘மூலச் சான்றிதழ்’ என்பது என்ன? மிளகு விவகாரத்தில் அடிக்கடி காதில் விழுகிறதே.

சரக்கு உண்மையிலேயே அந்த நாட்டில் விளைந்ததா, செய்யப்பட்டதா என்று அந்த நாட்டு அதிகாரி தரும் சான்று. இந்திய–இலங்கை ஒப்பந்தப்படி, வெளிநாட்டு மூலப்பொருள் சேர்ந்த சரக்கானால் மதிப்பில் குறைந்தது 35 சதவீதம் உள்நாட்டில் சேர்ந்திருக்க வேண்டும். இந்திய மூலப்பொருளும் கலந்திருந்தால் 25 சதவீதம் போதும். இலங்கையில் வணிகத் திணைக்களம் இதைக் கொடுக்கிறது.

மிளகுக்கு வருவோம். வியட்நாம்தான் உலகத்திலேயே அதிகம் மிளகு விளைவிக்கிறது, விலையும் குறைவு. இந்தியாவில் வெளிநாட்டு மிளகுக்குச் சாதாரணத் தீர்வை 70 சதவீதம். இலங்கை மிளகுக்கு வருடத்துக்கு 2,500 டன் வரை தீர்வையே இல்லை. அப்புறம் என்ன நடக்கும்? வியட்நாம் மிளகு கொழும்பில் மூட்டை மாறி இலங்கை மிளகாக வருகிறது என்று இடுக்கியிலும் வயநாட்டிலும் விவசாயிகள் கொதித்தார்கள். 2017 டிசம்பரில் இந்திய அரசு, கிலோ 500 ரூபாய்க்குக் குறைந்த விலையில் மிளகு இறக்குமதி செய்யக் கூடாது என்று உத்தரவு போட்டது. ஏமாற்றியவர்களைத் தடுக்கப் போட்ட உத்தரவு, மாத்தளையிலும் கண்டியிலும் வீட்டுத் தோட்டத்தில் நாலு கொடி வளர்த்து நேர்மையாக விற்றவரையும் சேர்த்தே அடித்தது. மூலச் சான்று கொடுக்கும் இடத்தில் கறாராக இருந்திருந்தால் இது தேவைப்பட்டிருக்காது.

விவசாயிக்கு நஷ்டம்தானே? எல்லையைத் திறந்தால் மலிவுச் சரக்கு வந்து கொட்டும்.

சில நேரம் நஷ்டம்தான். அதை மறைத்துப் பேசக் கூடாது. யாழ்ப்பாணத்துப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். 1970 முதல் 1977 வரை சிறிமாவோ பண்டாரநாயக்க ஆட்சியில் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு. நாடு முழுக்கப் பாணுக்கு, அதாவது ரொட்டிக்கு, வரிசை. ஆனால் யாழ்ப்பாணத்தில் வெங்காயமும் மிளகாயும் போட்டவர்களுக்கு அதுதான் பொற்காலம். செத்தல் மிளகாய் (காய்ந்த மிளகாய்) விற்ற காசில் கல்வீடு கட்டினார்கள், உழவு இயந்திரம் வாங்கினார்கள். 1977ல் ஜே.ஆர். ஜயவர்தன வந்து பொருளாதாரத்தைத் திறந்துவிட்டதும் வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வந்து இறங்கின. விலை விழுந்தது. அந்தத் தலைமுறை விவசாயிக்கு உலகமயமாக்கல் என்றால் அந்த ஒரு வருடம்தான் ஞாபகம் வரும்.

அதற்காக எல்லையை மூடியே வைத்தால் கொழும்புக் கூலித்தொழிலாளி என்ன விலைக்குச் சாப்பிடுவார்? இலங்கை இப்போது விசேட பண்ட வரி என்று ஒன்றை வைத்திருக்கிறது. உள்ளூர் அறுவடை வந்தால் பெரிய வெங்காயம், உருளைக்கிழங்குக்கு ஏற்றுவார்கள், தட்டுப்பாடு வந்தால் இறக்குவார்கள். முறை சரிதான். ஆனால் பல நேரம் ராவோடு ராவாக அறிவிப்பு வருகிறது. கப்பல் நடுக்கடலில் இருக்கும்போது வரி மாறினால் இறக்குமதியாளர் அவுட். அறுவடை எந்த மாதம் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே. வருட ஆரம்பத்திலேயே மாத வாரியாக வரியை அறிவித்துவிட்டால் தம்புள்ளை விவசாயியும் பிழைப்பார், வாங்குகிறவரும் கணக்குப் போட்டு வாங்குவார்.

இந்தியா திடீர் திடீரென்று வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்கிறதே, பக்கத்து நாடுகள் என்ன செய்யும்?

தவிக்கும். இலங்கையில் பெரிய வெங்காயத்துக்குப் பெயரே பம்பாய் வெங்காயம். அந்த அளவுக்கு நம்மை நம்பியிருக்கிறார்கள். 2019ல் தடை வந்தபோது டெல்லிக்கு வந்திருந்த வங்கதேசப் பிரதமர் ஷேக் ஹசீனா, வெங்காயம் இல்லாமலே சமைக்கும்படி தன் சமையல்காரரிடம் சொல்லிவிட்டதாகவும், முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்றும் மேடையிலேயே பேசினார். 2020ல் மறுபடி தடை. 2023 டிசம்பரில் மறுபடி. அந்தத் தடை 2024 மே வரை நீண்டது. நடுவில் ஏப்ரலில் இலங்கைக்கு 10,000 டன் மட்டும் தனி அனுமதி கொடுத்தார்கள்.

இதற்கு நல்ல மாற்று நம் கையிலேயே இருக்கிறது. மாலத்தீவோடு 1981ல் போட்ட வர்த்தக உடன்பாடு. அதன்படி அரிசி, கோதுமை மாவு, சர்க்கரை, பருப்பு, முட்டை, வெங்காயம், உருளைக்கிழங்கு, ஜல்லி, ஆற்றுமணல் இவற்றில் வருடத்துக்கு இத்தனை டன் என்று மாலத்தீவுக்கு ஒதுக்கிவைக்கிறார்கள். உள்நாட்டில் தடை இருந்தாலும் அந்த ஒதுக்கீடு போய்விடும். 2024ல் இரு நாட்டு அரசியல் உறவு கசந்திருந்த சமயத்தில்கூட, 1981க்குப் பிறகு இல்லாத அளவுக்கு ஒதுக்கீட்டைக் கூட்டினார்கள்.

தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் அதைக் கண்ணால் பார்க்கலாம். மரத் தோணிகள் வரிசையாகக் கட்டியிருக்கும். ஒரு தோணியில் முன்னூறு டன் அளவுக்கு ஏறும். அடியில் ஜல்லி, செங்கல். மேலே வெங்காயம், உருளைக்கிழங்கு, காற்றுப் படுகிற மாதிரி. சில நேரம் தொட்டிச் செடிகள், ஒரு பக்கம் ஆடுகள். தோணியை நடத்தும் தண்டல் மேலே நின்று மூட்டையை எங்கே வைக்க வேண்டும் என்று கத்திக்கொண்டிருப்பார். பாரம் ஒரு பக்கம் சாய்ந்தால் மாலே போய்ச் சேராது. தென்மேற்குக் காற்றுக் காலத்தில், ஆடி முடியும் வரை, தோணி ஓடக் கூடாது. செப்டம்பரில் மறுபடி கரை களைகட்டும். திரும்பி வரும்போது பெரும்பாலும் வெறும் தோணிதான். மாலத்தீவில் நாம் வாங்கக் கூடியது அதிகமில்லை. எந்த மாநாடும் இல்லாமல் தலைமுறை தலைமுறையாக நடக்கிற ஒருங்கிணைப்பு இது. இலங்கைக்கும் வங்கதேசத்துக்கும் இதே மாதிரி வருட ஒதுக்கீடு எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பெரிய நாடு சின்ன நாட்டை விழுங்கிவிடும் என்ற பயம் நியாயமா?

நியாயம்தான். 2015 செப்டம்பரில் நேபாளத்தின் புதிய அரசியல் சட்டத்தை எதிர்த்து, இந்திய எல்லையை ஒட்டிய சமவெளியில் வாழும் மாதேசிகள் போராடினார்கள். எல்லையில் லாரிகள் நின்றன. நேபாளம் அதை இந்தியாவின் முற்றுகை என்றது, இந்தியா மறுத்தது. எது எப்படியோ, நிலநடுக்கம் முடிந்து ஆறு மாதம்கூட ஆகாத நாட்டில் சமையல் வாயுவும் மருந்தும் மாதக்கணக்கில் கிடைக்கவில்லை. மூன்று பக்கமும் ஒரே நாடு சூழ்ந்திருந்தால் அந்த ஒரு வாசல் எவ்வளவு முக்கியம் என்பதை நேபாளிகள் மறக்கவே மாட்டார்கள். சீனாவோடு அடுத்த வருடமே போக்குவரத்து உடன்பாடு செய்துகொண்டார்கள்.

இலங்கையிலும் இதே பயம். 2008ல் இந்தியாவோடு கையெழுத்தாக இருந்த விரிவான பொருளாதார ஒப்பந்தம் கடைசி நேரத்தில் நின்றது. 2016க்குப் பிறகு ‘எட்கா’ (பொருளாதார, தொழில்நுட்ப ஒத்துழைப்பு ஒப்பந்தம்) என்ற பெயரில் மறுபடி பேச்சு தொடங்கியபோது, இந்திய மருத்துவர்களும் மென்பொருள்காரர்களும் வந்து வேலையைப் பிடித்துக்கொள்வார்கள் என்று அங்குள்ள சங்கங்கள் எதிர்த்தன. இரண்டு கோடிப் பேர் உள்ள நாடு நூற்று நாற்பது கோடியைப் பார்த்து யோசிக்காமல் என்ன செய்யும்? பெரியவர்தான் முதலில் கொடுக்க வேண்டும், முதலில் பொறுக்க வேண்டும்.

மின்சாரத்தையும் இப்படி வாங்கி விற்க முடியுமா?

முடிகிறது. இந்த ஒரு துறையில்தான் எனக்கு நம்பிக்கை கூடுதல். பூட்டானின் சுக்கா நீர்மின் நிலையம் எண்பதுகளிலேயே இந்தியாவுக்கு மின்சாரம் கொடுக்கத் தொடங்கியது. நேபாளத்தில் மழைக்காலத்தில் மின்சாரம் மிஞ்சும், வங்கதேசத்தில் அதே சமயம் தேவை உச்சம். நடுவில் இந்திய நிலம். 2024 அக்டோபரில் மூன்று நாடும் ஒப்பந்தம் போட்டு, நவம்பரில் ஒரு நாள் ஓட்டிப் பார்த்து, 2025 ஜூனிலிருந்து இந்தியக் கம்பி வழியாக 40 மெகாவாட் போகத் தொடங்கியது. அளவு சின்னதுதான். ஆனால் மூன்றாவது நாட்டின் கம்பி வழியாக மின்சாரம் விற்பது இந்தப் பகுதியில் அதுவரை நடக்காத காரியம்.

மதுரையையும் அநுராதபுரத்தையும் கடலடிக் கம்பியால் இணைக்கும் பேச்சு பல ஆண்டுகளாக நடக்கிறது. 2025 ஏப்ரலில் கொழும்பில் அதற்கான புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது. கம்பி போட்டால்தான் ஆயிற்று.

ஆசியானால் மட்டும் எப்படி முடிந்தது? அவர்களுக்குள் சண்டையே இல்லையா?

இருந்தது. 1963 முதல் 1966 வரை இந்தோனேசியாவும் மலேசியாவும் கிட்டத்தட்டப் போரே நடத்தின. சபா மாநிலம் எங்களுடையது என்று பிலிப்பைன்ஸ் உரிமை கோரியது. அதே நாடுகள் 1967ல் பாங்காக்கில் உட்கார்ந்து ஆசியானைத் தொடங்கின. சண்டையைத் தீர்த்துவிட்டு வியாபாரம் செய்யவில்லை. சண்டையை ஓரமாக வைத்துவிட்டுச் செய்தார்கள். 1992ல் தடையற்ற வணிகத்துக்கு ஒப்புக்கொண்டார்கள், 2025ல் கிழக்குத் திமோர் பதினோராவதாகச் சேர்ந்தது.

மலேசியாவின் ஜொகூர் பாருவில் இருக்கும் நம் தமிழ்ப் பிள்ளைகளைக் கேட்டால் இன்னும் தெளிவாகச் சொல்வார்கள். விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிளில் கிளம்பி, ஒரு கிலோமீட்டர் சொச்ச நீளமுள்ள பாலத்தைத் தாண்டி சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு, இரவு மலேசியாவில் வந்து தூங்குகிறார்கள். தினமும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்த எல்லையைக் கடக்கிறார்கள். நெரிசலைத் திட்டுவார்கள்தான், ஆனால் விசாவுக்கு யாரும் வரிசையில் நிற்பதில்லை.

மீனவர் பிரச்சினை இருக்கும்போது இலங்கையோடு வியாபாரம் பேசுவது சரியா?

பேச வேண்டும், மீனவர் விஷயத்தையும் அதே மேசையில் வைத்தே பேச வேண்டும். நம் ஊரில் கச்சத்தீவு, 1974 ஒப்பந்தம் என்று மட்டும் பேசுகிறோம். மன்னாரிலும் பருத்தித்துறையிலும் உள்ள தமிழ் மீனவர் பேசுவது கடலடியை வாரி இழுக்கும் இழுவை மடி வலையைப் பற்றி. போர்க்காலத்தில் கடலுக்கே போக முடியாமல் இருந்து, கடனுக்கு வலை வாங்கிப் போட்டால், இரவில் வரும் நம் விசைப்படகுகள் அதை அறுத்துக்கொண்டு போகின்றன என்கிறார்கள். இலங்கை 2017ல் இழுவை மடித் தொழிலையே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. நம் பக்கம் கைதாகிச் சிறையில் வாடுகிறவர்களின் குடும்பத் துயரமும் உண்மை. ஆழ்கடல் சூரை மீன்பிடிக்கு மாற 2017லேயே மானியத் திட்டம் வந்தது, மாறியவர்கள் சொற்பம். படகை மாற்றுவதால் மீனவர் தலையில் விழும் கடனைக் குறைக்காமல் இது நகராது.

இலங்கைக்கு மறுபடி கப்பல் ஓடுகிறதே, அதில் சரக்கு போகுமா?

2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குத் தொடங்கி, சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் ‘சிவகங்கை’ கப்பலோடு மறுபடி ஆரம்பித்தது. நாலு மணி நேரப் பயணம். இது பயணிகள் கப்பல். கையில் கொண்டுபோகும் சாமான்தான், அதற்கும் கிலோ வரம்பு உண்டு. அதற்குள்ளேயே புடவை, பலகாரம், பூஜைச் சாமான் என்று கொண்டுபோய் விற்று வருகிற ‘குருவி’கள் உண்டு. சுங்கத்துக்கு அவர்களைப் பிடிக்காது. எனக்குப் பிடிக்கும். 1964 புயலுக்கு முன் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடிய காலத்தில் இந்தச் சின்ன வியாபாரம்தான் இரு கரையையும் கட்டி வைத்திருந்தது. தனிப்பட்ட பயணியின் சின்ன வியாபாரத்துக்கு என்று ஒரு எளிய வரம்பும் ஒற்றைத் தாள் படிவமும் வைத்தால் போதும்.

நான் சின்ன வியாபாரி. இலங்கைக்கு அனுப்ப எங்கிருந்து தொடங்குவது?

முதலில் ஐ.இ.சி. எண், அதாவது ஏற்றுமதி இறக்குமதி செய்பவருக்கான அடையாள எண். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். உங்கள் வங்கிக் கணக்கை எந்தத் துறைமுகம் வழியாக அனுப்புகிறீர்களோ அங்கே பதிய வேண்டும், ‘ஏ.டி. கோடு’ என்பார்கள். அப்புறம் உங்கள் பொருளின் எச்.எஸ். எண்ணை, அதாவது சுங்கத்தில் பொருளை வகைப்படுத்தும் எண்ணை, சரியாகக் கண்டுபிடியுங்கள். அந்த எண்ணை வைத்து அது இலங்கையின் ஒதுக்கிவைத்த பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தீர்வைச் சலுகை கிடையாது. இல்லாவிட்டாலும் நிம்மதியாகிவிடாதீர்கள். செஸ், துறைமுக அபிவிருத்தி வரி என்று அங்கே தனியாகச் சில உண்டு. ஒப்பந்தம் தீர்வையை மட்டும்தான் குறைக்கிறது. வாங்குபவரிடமே மொத்தம் என்ன விழும் என்று எழுத்தில் வாங்குங்கள்.

சலுகை உண்டென்றால் மூலச் சான்றிதழை ஏற்றுமதி ஆய்வுக் கழகம் தரும். விதை, காய்கறி என்றால் ஃபைட்டோவும் சேரும். எல்லாக் காகிதத்தையும் ஒரே மேசையில் பரப்பி, மூட்டை எண்ணிக்கை, எடை, பெயர், எச்.எஸ். எண் நான்கும் ஒவ்வொரு தாளிலும் ஒன்றாக இருக்கிறதா என்று நீங்களே விரல் வைத்துப் பாருங்கள். ஏஜென்ட் பார்த்திருப்பார் என்று விடாதீர்கள். நானும் ஒருநாள் பார்த்ததாகத்தான் நினைத்தேன்.